வயர் இல்லாத ரெகுலேட்டர்

சரியாகப் பதினொரு நாட்கள் அந்த ரெகுலேட்டர் வேலை செய்தது. அது எதனோடும் இணைக்கப்படவில்லை.

சுவரில் அதைப் பொருத்தியது நான். அலுவலகக் கட்டடங்களில் காற்றுக்குழாய்ச் சத்தத்தைக் குறைத்துக் கொடுப்பது எங்கள் தொழில். நிறுவனம் என்று சொன்னால் முதலாளி, நான், ஃபிட்டர், ஒரு வேன், இரண்டு ஏணி. ஏ.சி. வைத்த கட்டடங்களில் பொய்க்கூரைக்கு மேலே பெரிய தகரக் குழாய்கள் ஓடும். டக்ட் என்போம். ஃபேன் அறையிலிருந்து குளிர்காற்று அதன் வழியாக எல்லா அறைகளுக்கும் போகும். காற்றோடு சத்தமும் போகும். காற்றைப் போகவிட்டுச் சத்தத்தை மட்டும் பிடித்து நிறுத்த வேண்டும்.

நான் இயற்பியல் படித்தவள். படிப்பு முடிந்து போன நேர்காணல்களில் எல்லாம் பதில் தெரிந்தும் வாய் திறக்காமல் திரும்பி வந்தேன். "வாய்க்குப் பூட்டா போட்டிருக்க" என்று அம்மா கேட்டுக் கேட்டு அலுத்துப் போனாள். இந்த முதலாளி மட்டும் கேள்வி எதுவும் கேட்கவில்லை. சத்தம் அளக்கும் மீட்டரைக் கையில் கொடுத்து, "இந்த ரூம்ல எது கத்துதுன்னு கண்டுபிடி" என்றார். அலமாரிக்குப் பின்னால் இருந்த பழைய ஸ்டெபிலைசரைக் காட்டினேன். மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார். அதற்காக அவரிடம் எனக்கு என்றைக்கும் நன்றி உண்டு. இதைப் படித்துவிட்டு அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அந்தக் கட்டடத்தின் ஒன்பது மாடிகளுக்கும் டக்ட் பராமரிப்பு எங்களுடையது. மூன்றாம் மாடியில் ஒரு காப்பீட்டு அலுவலகம். அதில் இழப்பீட்டுப் பிரிவு ஒரு நீளமான அறை. நடுவில் இரண்டு வரிசை மேசைகள். ஒரு கோடியில் சுவர் முழுக்கக் கோப்பு அலமாரி. மறுகோடியில் சுவரை ஒட்டித் தனியாக ஒரு மேசை. அங்கே உட்கார்ந்திருந்த பெண்தான் புகார் கொடுத்தவர். வயது நாற்பத்தைந்து இருக்கும். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு மேசையெல்லாம் கண்ணாடியைத் தேடுகிறவர்.

"உம்முனு ஒண்ணு சார்" என்று அவர் முதலாளியிடம் சொன்னார். "காதுல கேக்கற மாதிரி இல்ல. நெஞ்சுல கேக்குது. பல்லுல கேக்குது. சாயங்காலம் ஆனா தலை ரெண்டா பிளந்துடும் போல இருக்கு."

"எப்பலேர்ந்தும்மா?"

"ரெண்டு வருஷமா."

நடு வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்த அறையில் அவருக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தார்கள். வேறு யாருக்கும் கிடைக்காத ஸ்டேஷன் அவருக்கு மட்டும் கிடைக்கிறதாம்.

முதலாளி வழக்கப்படி அறையின் நடுவில் நின்று, மீட்டரை நெஞ்சு உயரத்தில் பிடித்து அளந்தார். முப்பத்தொன்பது டெசிபெல். அலுவலகத்துக்கு அது நல்ல அளவு. நூலகத்தில்கூட அவ்வளவு இருக்கும். மேலாளர் எட்டிப் பார்த்து, "அப்ப சத்தம் இல்ல" என்றார்.

"இருக்கற சத்தம் அளவுக்குள்ளதான் இருக்கு."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

மேலாளர் எங்களைத் தன் அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். கடுமையான ஆள் இல்லை. குரலைத் தாழ்த்தியே பேசினார். இது மூன்றாவது புகார் என்றும், இன்னொன்று வந்தால் அந்த அம்மாவை மனநல மருத்துவரிடம் அனுப்பி, வேலைக்குத் தகுதிதானா என்று எழுதி வாங்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். "தகுதி இல்லன்னு எழுதிட்டா வீட்டுக்குத்தான். எனக்கு மட்டும் ஆசையா? இருபது வருஷமா வேலை பாக்கறவங்க."

வேனில் ஏறியதும் முதலாளி வண்டியைக் கிளப்பினார். பிறகு, "பாவம்" என்றார். "ஒரு வழி இருக்கு. நான் முன்னாடி ரெண்டு எடத்துல செஞ்சிருக்கேன். கை எட்டற எடத்துல ஒரு ரெகுலேட்டர் வச்சுடு. திருப்பினா காத்து குறையும்னு சொல்லு. கையில ஒரு பிடி கிடைச்சா மனசு அடங்கிடும். அவங்க வேலையும் போகாது."

"வயர் சார்?"

"எதுக்கு?"

மறுநாள் நான் தனியாகப் போனேன். சுவரில் இரண்டு துளை போட்டு, பிளாஸ்டிக் முளை அடித்து, வீட்டில் ஃபேனுக்கு வைக்கும் சாதாரண ரெகுலேட்டரை இரண்டு ஸ்க்ரூவில் முடுக்கினேன். அந்த அம்மா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதைத் திருப்பினா என்னம்மா ஆகும்?"

"காத்து வேகம் குறையும் அக்கா." சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். முதலாளி சொல்லிக் கொடுத்த வாக்கியம் அது. என் வாயிலிருந்து தடங்கலே இல்லாமல் வந்தது அதுதான்.

கடைசி ஸ்க்ரூவை முடுக்கும்போது பிடிமானத்துக்கு இடக்கையைச் சுவரில் ஊன்றினேன். சுவர் அதிர்ந்தது. டிரில் தரையில் அணைந்து கிடந்தது. கை வைத்த இடம் பூனையின் வயிறுபோல் மெல்ல உறுமியது. கையை எடுத்துவிட்டேன்.

"ரெண்டு வருஷத்துல நான் சொன்னதைக் கேட்டுட்டு ஒரு ஆணியாவது அடிச்ச முதல் ஆள் நீதான்" என்று அவர் என் தோளைத் தொட்டார். "நல்லா இருப்ப." என் கைபேசி எண்ணையும் வாங்கிக்கொண்டார். அன்று மதியம் என்னால் சாப்பிட முடியவில்லை.

முதலாளியிடம் சுவர் அதிர்வதைச் சொன்னேன். "மாடிக் கட்டடம்மா. கீழ பஸ் போகுது" என்றார். நான் அதற்குமேல் சொல்லவில்லை.

அடுத்த நாளிலிருந்து மாலையில் ஒரு குறுஞ்செய்தி வரும். "இன்னிக்கு மூணுல வச்சேன். பரவால்ல. நன்றிம்மா." "ரெண்டுல வச்சேன். தலைவலி கம்மி. நன்றிம்மா." மேலாளரும் முதலாளிக்குப் பேசி நன்றி சொன்னார். இத்தனை நன்றியை நான் அதுவரை வாழ்க்கையில் வாங்கியதில்லை. ஒவ்வொன்றும் நெஞ்சில் போய்க் கல்லாக உட்கார்ந்தது. பதிலுக்கு ஒரு வரி எழுதி, அழித்து, மறுபடி எழுதி, கடைசியில் ஒன்றும் அனுப்பாமல் தூங்கிவிடுவேன்.

பன்னிரண்டாம் நாள் காலையில் அவர் அலுவலகத்துக்கே போன் செய்தார். ரெகுலேட்டர் ஆடுகிறதாம். "அந்தப் பொண்ணையே அனுப்புங்க" என்றாராம்.

"போய் ஒரு ஸ்க்ரூ முடுக்கிட்டு வா" என்றார் முதலாளி. நான்காம் மாடியில் வேறு ஒரு வேலை இருந்ததால் ஃபிட்டரும் வேனில் வந்தார். முப்பது வருடமாகத் தகரம் வெட்டி, தகரம் மடித்து, அவர் பெயரே தகரம் என்று ஆகிவிட்டது. யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார்.

நான் போனபோது சாப்பாட்டு நேரம். எல்லோரும் டப்பாக்களை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். நடு வரிசையில் இருந்த ஒருவர் போகிற போக்கில், "என்ன ரேடியோ, மெக்கானிக் வந்தாச்சா? இன்னிக்கு என்ன பாட்டு?" என்றார்.

"உனக்குக் கேக்காத பாட்டு. நீ போய்ச் சாப்பிடு, அதுக்கு மட்டும் உனக்குக் காது நல்லாக் கேக்கும்."

சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். அறை காலியானது. அந்த அக்கா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். இரண்டே நிமிடத்தில் ரெகுலேட்டரைச் சுவரிலிருந்து கழற்றி, பின்பக்கத்தை என் முன்னால் நீட்டினார்.

"வயரே இல்ல."

நான் பையைக் கீழே வைத்தேன்.

"முதல் நாளே தெரியும். நீ லிஃப்ட்ல இறங்கறதுக்குள்ள கழட்டிப் பாத்துட்டேன். என் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். கல்யாணமான நாள்லேர்ந்து அவர் சாப்பாட்டு டப்பாக்குள்ள கிடக்கற டெஸ்டரையும் சேத்துத்தான் கழுவிட்டு இருக்கேன். எனக்குத் தெரியாதா?"

"அப்ப அந்த மெசேஜ் எல்லாம்?"

"உங்க முதலாளி கேட்டா காட்டறதுக்கு உன்கிட்ட ஏதாவது இருக்கட்டும்னுதான். இங்கயும் சத்தம் குறைஞ்சுடுச்சுன்னு சொன்னேன். நான் டாக்டர்கிட்டப் போறது பதினோரு நாள் தள்ளிப் போச்சு. அதுவே பெரிய உபகாரம்." ரெகுலேட்டரை மேசையில் வைத்தார். "அன்னிக்கு நீ சுவத்துல கை வச்ச. வச்சிட்டு எடுத்த. உன் முகம் மாறிச்சு. அதை நான் பாத்தேன். ரெண்டு வருஷத்துல எனக்குத் தெரிஞ்சது இன்னொரு ஆளுக்கும் தெரிஞ்சுதுன்னா அன்னிக்குத்தான். உன்னை மறுபடி எப்படி வரவழைக்கறதுன்னு யோசிச்சேன். இது ஆடுதுன்னு சொன்னாத்தானே வருவ."

நான் நின்றுகொண்டே இருந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது.

"உக்காரும்மா. என் பொண்ணு போன வாரம் கேட்டா. ரொம்ப மெதுவாக் கேட்டா, நான் பயந்துடக் கூடாதுன்னு. அம்மா, அந்தச் சத்தம் வீட்லயும் கேக்குதான்னு." அவர் கண்ணாடியைத் தலையிலிருந்து எடுத்துத் துடைத்தார். "வீட்ல கேக்கல. இங்க மட்டும்தான். அதை அவ நம்பினாளான்னு தெரியல. எனக்கே இப்பல்லாம் சந்தேகமா இருக்கு. நீ சொல்லு. அன்னிக்கு உன் கைக்கு ஏதோ தெரிஞ்சுதா, இல்லையா?"

"தெரிஞ்சுது அக்கா."

அவர் கண்ணாடியைத் திரும்பத் தலைமேல் ஏற்றிக்கொண்டார்.

மீட்டரைப் பையிலிருந்து எடுத்தேன். அதில் ஒரு பொத்தான் உண்டு. மனிதக் காதுபோலக் கேள் என்று மீட்டருக்குச் சொல்லும் பொத்தான். நம் காது தாழ்ந்த ஒலிகளை அவ்வளவாக எடுத்துக்கொள்ளாது என்பதால் மீட்டரும் அவற்றைக் கழித்துவிட்டுக் கணக்குச் சொல்லும். அலுவலகச் சத்தத்தை எல்லோரும் அப்படித்தான் அளப்பார்கள். முதலாளியும் அப்படித்தான் அளந்தார். நான் அதை அணைத்துவிட்டு, மீட்டரை அவர் நாற்காலிக்கு மேலே, தலை இருக்கும் உயரத்தில் பிடித்தேன்.

எண் எழுபத்தாறுக்கு ஏறி நின்றது.

மீட்டரைப் பிடித்தபடி அறையின் நடுவை நோக்கி நடந்தேன். எண் இறங்கிக்கொண்டே வந்தது. நடு வரிசை மேசைகளுக்கு வந்தபோது ஐம்பத்து மூன்று. தாண்டி நடந்தேன். மறுபடி ஏறியது. கோப்பு அலமாரியைத் தொடும்போது எழுபத்தைந்து.

கல்லூரிச் சோதனைச்சாலையில் தண்ணீர்க் குழாயும் இசைக்கவையும் வைத்து நாங்கள் செய்த சோதனை இதுவேதான். ஃபேன் சுற்றும் வேகமும் அறையின் நீளமும் பொருந்திப்போனால், தாழ்ந்த ஒலி இரண்டு சுவர்களுக்கும் இடையில் மாட்டிக்கொள்ளும். இரண்டு கோடியிலும் பெரிதாக இருக்கும். நடுவில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. நடுவில் உட்கார்ந்தவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குக் கேட்கவில்லை. இந்தக் கோடியில் இவர் உட்கார்ந்திருந்தார். அந்தக் கோடியில் கோப்புகள். கோப்புக்குத் தலை வலித்தாலும் அது யாரிடம் போய்ச் சொல்லும்.

இதை அவரிடம் சொன்னேன். எனக்கே ஆச்சரியமாக, நிறுத்தாமல் சொன்னேன். எண்ணைக் காட்டினேன். அவர் மீட்டரைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, நடுவுக்கும் சுவருக்கும் இரண்டு முறை நடந்து பார்த்தார்.

"அப்ப நான் பைத்தியம் இல்ல."

"இல்ல அக்கா."

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன்.

பிறகு தகரம் அண்ணனைக் கீழே வரச் சொன்னேன். கட்டட எலக்ட்ரீஷியன் ஃபேன் அறையைத் திறந்துவிட்டு, சாப்பாட்டு நேரம் என்பதால் ஃபேனை நிறுத்தியும் கொடுத்தார். ஃபேனையும் டக்டையும் நேராக இணைக்கக் கூடாது. ஃபேன் சுற்றும்போது ஆடும். அந்த ஆட்டம் டக்டுக்குப் போகாமல் இருக்க நடுவில் ஒரு சாண் அகலத்துக்குக் கித்தான் துணி வைப்போம். சட்டைக் காலர்போலச் சுற்றிலும் நிற்கும். நான் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். கித்தான் தெரியவில்லை. அதன்மேல் ஒரு தகரப் பட்டை சுற்றி, இந்தப் பக்கம் ஃபேனோடும் அந்தப் பக்கம் டக்டோடும் வரிசையாக ஸ்க்ரூ அடித்திருந்தது. ஃபேனின் ஆட்டம் முழுவதும் அந்தப் பட்டை வழியாக டக்டுக்குப் போய், அந்த அக்காவின் தலைக்கு மேலே உள்ள அகலமான தகரத்தை மேளமாக அடித்துக்கொண்டிருந்தது.

தகரம் அண்ணன் பட்டையின் ஓரத்தை விரலால் தடவினார். வெகுநேரம் தடவினார்.

"இது என் கை பாப்பா."

"எப்படித் தெரியும் அண்ணே?"

"ஓரத்தைப் பாரு. ரெண்டு மடி மடிச்சிருக்கு. பின்னாடி கை வைக்கறவனுக்குக் கிழிக்கக் கூடாதுன்னு நான்தான் அப்படி மடிப்பேன். வேற யாரும் மெனக்கெட மாட்டான்." அவர் ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தார். "ரெண்டு வருஷம் இருக்கும். காத்து ஒழுகுதுன்னு கூப்பிட்டாங்க. கித்தான் கிழிஞ்சிருந்துது. அன்னிக்கு வேன்ல கித்தான் இல்ல. இப்போதைக்கு இருக்கட்டும்னு பட்டை போட்டேன்."

"மறந்துட்டீங்களா?"

"நல்லா நின்னுடுச்சு பாப்பா. ஒரு பொட்டுக் காத்து ஒழுகல. ஒழுகியிருந்தா ஞாபகம் வந்திருக்கும்."

தகரம் அண்ணன் எழுந்தார். ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றினார். வேனிலிருந்து புதுக் கித்தான் கொண்டுவந்து, அளந்து வெட்டி, சுருக்கம் விட்டுத் தளர்வாக வைத்து, இரண்டு ஓரத்தையும் தனித்தனியாகப் பட்டி போட்டு முடுக்கினார். ஃபேனை ஓடவிட்டோம். கித்தான் மூச்சு விடுவதுபோல் உப்பி நின்றது. டக்டின்மேல் கை வைத்துப் பார்த்தேன். வெறும் குளிர்ச்சி.

அக்கா தன் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். நாங்கள் இருவரும் வாசலில் நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன அக்கா?"

"தாடை வலிக்குது. இத்தனை நாளும் பல்லைக் கடிச்சுக்கிட்டே இருந்திருக்கேன் போல. இப்பத்தான் விட்டேன்." பிறகு தகரம் அண்ணனைப் பார்த்து, "உங்களுக்குக் கோடி புண்ணியம் அண்ணே" என்றார்.

தகரம் அண்ணன் தரையைப் பார்த்தார். "அந்தத் தகரத்தை அடிச்சதே நான்தாம்மா."

அக்கா அவரைப் பார்த்தார்.

"எடுத்ததும் நீங்கதானே" என்றார் அவர். "முகத்தைக் கழுவிட்டு வாங்க. ரெண்டு பேரும் சாப்பிடல. இதுல மூணு பேருக்கு இருக்கு." டப்பாவைத் திறந்து எங்கள் முன்னால் வைத்தார். மூன்று பேருக்கு இல்லை. ஒருவருக்குத்தான் இருந்தது. மூன்று பேரும் சாப்பிட்டோம்.

மாலையில் முதலாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. மீட்டர் பொத்தானை இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, "எனக்கு ஏன் தோணல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அப்புறம் யோசிக்க ஆரம்பித்தார்.

"நாளைக்கு மேனேஜர் கூப்பிட்டிருக்கார். அந்தம்மா மறுபடி நமக்குப் போன் பண்ணினது அவர் காதுக்குப் போயிடுச்சு. நம்ம ஆள் அடிச்ச தகரம்னு தெரிஞ்சா ஒன்பது மாடியும் கையை விட்டுப் போயிடும். நம்ம மூணு வீட்லயும் அடுப்பு அதுலதான் எரியுது. ரெகுலேட்டர்ல சின்னக் கோளாறு, சரி பண்ணியாச்சுன்னு சொல்லிடலாம். சத்தம்தான் நின்னுடுச்சே. யாருக்கு என்ன நட்டம்?"

"நான் வேணா போய்ச் சொல்லிடறேன் மொதலாளி" என்றார் தகரம் அண்ணன். "என் தப்புதானே."

"நீ சும்மா இருய்யா."

என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்குச் சுலபமாக வரும்.

அன்று மாலையும் செய்தி வந்தது. எண் எதுவும் இல்லை. "உன் வேலைக்கு இடைஞ்சல் வரும்னா நீ எதுவும் சொல்லாத. எனக்குச் சத்தம் நின்னாப் போதும். நான் பாத்துக்கறேன். நன்றிம்மா." அதை அம்மாவிடம் காட்டினேன். அம்மா படித்துவிட்டு, "யாரு இவங்க, நமக்கு உறவா?" என்று கேட்டாள்.

மறுநாள் மேலாளர் அறையில் நான்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மேலாளர், முதலாளி, அந்த அக்கா, நான். முதலாளி தன் வாக்கியத்தைச் சொன்னார். நன்றாகவே சொன்னார். ரெகுலேட்டரைச் சரி பண்ணியாயிற்று, இனித் தொந்தரவு இருக்காது.

மேலாளர் பேனா மூடியைத் திறந்து மூடினார். "நல்லதாப் போச்சு. ஆனா ஒண்ணு. முப்பத்தொன்பது டெசிபெல்னு நீங்களே அளந்து குடுத்தீங்க. அறையில ஒன்பது பேருக்கு ஒண்ணும் கேக்கல. ஒரு ரெகுலேட்டர் வச்சதும் இவங்களுக்கு நின்னுடுது, அது ஆடினதும் திரும்ப வந்துடுது." அக்காவின் பக்கம் திரும்பினார். குரல் இன்னும் மிருதுவானது. "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. என் அக்கா மாதிரி நினைச்சுச் சொல்றேன். இது காது சம்பந்தப்பட்டது இல்லன்னு தோணுது. ஒரு நல்ல டாக்டரைப் பாருங்க. மூணு மாசம் லீவு எடுத்துக்குங்க. டாக்டர் சரின்னு எழுதிக் குடுத்தா வாங்க. யாரும் எதுவும் நினைக்க மாட்டோம்."

முதலாளி நாற்காலியில் நெளிந்தார். இதை அவர் எதிர்பார்க்கவில்லை. "அவ்வளவு தூரம் எதுக்கு சார்" என்றார். "ரெகுலேட்டர்தான் சரியாயிடுச்சே."

"அதனாலதான் சொல்றேன்."

அக்கா பேசவில்லை. நடு வரிசைக்காரருக்கு நறுக்கென்று பதில் சொல்கிறவர், மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். மீட்டர் எண்களை அவர் தன் கண்ணால் பார்த்தவர். தகரப் பட்டையை அடித்தவர் யார் என்று அவருக்குத் தெரியும். ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அந்த லீவுப் பேச்சு நின்றுவிடும். அவர் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் சங்கடப்படுவேன் என்று எதிரே இருந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் அம்மாவைத் தவிர எனக்காக இப்படி யாரும் பேசாமல் இருந்ததில்லை.

மேலாளர் ஒரு லீவு விண்ணப்பத்தை அவர் பக்கம் நகர்த்தினார். "இதுல ஒரு கையெழுத்து."

அவர் தலையிலிருந்த கண்ணாடியைத் தானே கண்டுபிடித்துக் கண்ணில் போட்டுக்கொண்டார். பேனாவை எடுத்தார்.

"சத்தம் இருந்துது" என்றேன்.

என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மேலாளர் முன்னால் சாய்ந்தார். "என்னம்மா சொன்ன?"

முதலாளி என்னைப் பார்த்தார். தடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

"ரெண்டு வருஷமா அந்த மூலையில சத்தம் இருந்துது சார். அந்த ரெகுலேட்டருக்கு வயரே கிடையாது. நாங்க நடுவுல நின்னு அளந்தோம், அங்க அது கேக்காது. அவங்க உக்கார்ற எடத்துல எழுபத்தாறு இருந்துது, நான் அளந்தேன். எங்க ஆள் டக்ட்ல அடிச்ச தகரத்துல இருந்து வந்துது. நேத்து மத்தியானம் எடுத்துட்டோம், நின்னுடுச்சு. அவங்களுக்கு ஒண்ணும் இல்ல சார். அவங்களுக்குக் கேட்டது நிஜமான சத்தம்."